ஜுபைதாவுக்கு நான் போட்ட பிலிம்

பூந்தமல்லி,
1941 மார்ச் 9, ஞாயிறு

அன்பு மகன் பஷீருதீனுக்கு உன் அம்மா ரோஷன் பேகம் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே அடுப்பு எரிகிறது, காது கேட்கிறது, கால் நடக்கிறது, கண் மட்டும் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இருந்ததில் பாதிகூட இல்லை. பினாங்கில் நீ வேளைக்குச் சாப்பிட்டுக் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்பது உன் கடிதத்தில் தெரிந்தது, அது போதும் எனக்கு. எழுத்து பெரிதும் சிறிதுமாக இருக்கும், வரி மேலே ஏறிக் கீழே இறங்கும், பொறுத்துக்கொள். இதை நானே பூதக்கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நான்கு நாளாக எழுதுகிறேன். உன் கடிதத்தைத் தபால்காரர் திருவேங்கடத்தை வாசலில் நிறுத்தி வாசிக்கச் சொல்லிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பாவம், வெயிலில் நின்று முழுவதும் வாசித்தார், நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கனைத்துக்கொண்டார், எந்த இடம் என்று பிறகு சொல்கிறேன். கொல்லைச் சுவர் போன மழையில் சாய்ந்தது சாய்ந்தபடியே இருக்கிறது. சண்டை வந்ததிலிருந்து ஜெர்மனிச் சரக்கு ஒன்றும் வருவதில்லை, சீமைச் சரக்கும் கப்பல் வந்தால்தான், பட்டணத்துக் கடையில் பத்து பிலிம் சுருள் கேட்டால் இரண்டு கொடுக்கிறான், அதுவும் அவன் கையில் அகப்பட்டதைக் கொடுக்கிறான். அங்கே காற்றில் ஈரம் அதிகம் என்றாய், கேமராவைச் சும்மா ஆணியில் மாட்டி வைக்காதே, தகர டப்பாவில் வறுத்த அரிசியை ஒரு துணியில் முடிந்து போட்டு அதோடு மூடி வை, இல்லாவிட்டால் லென்ஸில் பூசணம் பிடிக்கும், பிடித்தால் போகாது.

நீ மூன்று காரியம் கேட்டிருந்தாய். பெண் வீட்டுக்கு அனுப்ப உன் படம் எடுக்க வேண்டும், முகம் வெளுப்பாக விழ எந்தப் பிலிம் போடலாம் என்பது ஒன்று. முகம் சுத்தமான பெண்ணாகப் பார்த்துப் படம் அனுப்பச் சொன்னது இரண்டு. கொஞ்ச காலமாக என் கடிதங்களில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை, பழையபடி உங்களுக்கு எழுதிக் கொடுத்த அந்தப் பெண்ணைக் கொண்டே எழுதச் சொல்லுங்கள், எழுத்துக்கு முகம் எதற்கு என்று வேடிக்கையாக எழுதியிருந்தாயே, அது மூன்று. திருவேங்கடம் கனைத்தது அங்கேதான்.

முதலில் பிலிமைச் சொல்கிறேன். உங்கள் கடைத் தெருவில் ஆர்த்தோ, பான் என்று இரண்டு வகை கிடைக்கும். ஆர்த்தோவுக்குச் சிவப்பு தெரியாது. நம் கண்ணுக்குச் சிவப்பாக இருப்பதெல்லாம் அதற்கு இருட்டு. இந்து வீட்டுக் கல்யாணப் பெண்ணின் குங்குமம் அதில் மைப்பொட்டாக விழும், வெற்றிலை போட்ட உதடு கரி தின்ற உதடாக விழும், நம்மைப் போல மாநிறமானவர்களுக்கு முகமே ஒரு பங்கு கூடுதலாகக் கறுத்துத்தான் வரும். ஆனாலும் விலை சல்லிசு, சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டு படம் மெல்ல எழுந்து வருவதைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே கழுவலாம், அதனால் எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள். பான் பிலிம் சிவப்பையும் பார்க்கும். தோல் வெளுத்து வழவழப்பாக வரும், சிவந்த தழும்பு பரு எல்லாம் தோலோடு தோலாக மறைந்துவிடும். அதைக் கழுவும்போது சிவப்பு விளக்குகூட ஆகாது, கும்மிருட்டில் கைத்தடவலாகக் கழுவ வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை. நீ பான் வாங்கு. அதிலும் வேகம் குறைந்ததாக வாங்கு, வேகமான பிலிமில் முகம் மணல் தூவினது போலப் பொரிபொரியாக வரும். காலை எட்டு மணிக்கு வடக்குப் பார்த்த வாசற்படியில் நில், உச்சி வெயிலில் நின்றால் மூக்கு நிழல் மீசையோடு சேர்ந்துகொள்ளும். லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடி போட முடிந்தால் போடு. இப்படி எடுத்தால் நீ பிறந்தபோது இருந்த நிறத்தைவிட வெளுப்பாக இருப்பாய், எந்தப் பெண்ணின் தகப்பனும் சரி என்பான்.

போன வருஷம் ஆனி மாதம் ஜுபைதாவும் என்னிடம் இதையேதான் கேட்டாள். அவளுக்கு நான் இந்தப் பதிலைச் சொல்லவில்லை. அதை உனக்குச் சொல்லத்தான் நான்கு நாளாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நம் தெருக்கோடித் தையல்காரர் ஹாஜா மொய்தீனின் மகள் அவள். நீ கப்பல் ஏறின பிறகுதான் வாலாஜாவிலிருந்து இங்கே வந்தார்கள், அதனால் நீ பார்த்ததில்லை. தாய் இல்லை. உன் அத்தா வபாத்தாகி அடக்கமான பிறகு எனக்குக் கண் மங்க ஆரம்பித்த வருஷம் இருட்டறைக்குத் துணையாக வந்தாள். பெண்கள் வெளியே வராத கோஷா வீடுகளுக்கு ஜட்கா வண்டி வைத்து நான் படம் எடுக்கப் போகும்போதெல்லாம் கூட வருவாள், பிலிம் மாட்டுவாள், கழுவுவாள், அச்சுப் போடுவாள், உன் கடிதங்களை எனக்கு வாசிப்பாள், நான் சொல்லச் சொல்ல உனக்குப் பதில் எழுதுவாள். பான் பிலிம் கழுவும்போது இருட்டில் கடிகாரம் தெரியாதே, யாசீன் சூராவை ஒருமுறை ஓதி முடித்ததும் பிலிமைத் தூக்குவாள், ஒருநாளும் கூடினதில்லை குறைந்ததில்லை. பிறவியிலேயே இடது காதடியிலிருந்து தாடை வரைக்கும் வெற்றிலைச் சாறு பட்டது போல ஒரு சிவப்பு மச்சம் அவளுக்கு. பழகின இரண்டாம் நாள் அது கண்ணுக்கே தெரியாது, அப்படிப்பட்ட சிவப்பு.

நான் சொல்வது பத்து வார்த்தை, அவள் எழுதுவது நூறு. மழை பெய்கிறது என்று எழுதச் சொன்னால், மழை வந்தால் உன் பாய் கிடந்த மூலையில் மட்டும் இன்னமும் ஒழுகவில்லை மகனே என்று எழுதியிருப்பாள். அதை நான் சொல்லவில்லை. நீயோ மற்றதையெல்லாம் விட்டு அந்த ஒரு வரிக்குத்தான் பதில் போடுவாய், அந்த வரியை வாசித்து அழுதேன் அம்மா என்று எழுதுவாய். நான்கு வருஷமாக நீ எந்த அம்மாவை நினைத்து அழுதாயோ அவள் நான் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொன்னால் புரியாது.

பிறகு உன் அந்தக் கடிதம் வந்தது. இந்த எழுத்து யாருடைய கை அம்மா, நம் ஜனமாக இருந்து அவளுக்கும் சம்மதமானால் என்று வாசித்துக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுவிட்டாள். இன்னாடி நிறுத்திட்டே, படி என்றேன். எழுத்து புரியல மாமி என்றாள். நான்கு வருஷத்தில் உன் எழுத்து அவளுக்குப் புரியாமல் போனது அந்த ஒரு நாள்தான். நான் சொல்லி அனுப்பினதும் ஹாஜா மொய்தீன் வந்து திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தாயில்லாப் பொண்ணு அக்கா, உங்க ஊட்டுக்குத்தான் வருதுன்னா எனக்கு வேற இன்னா வேணும் என்று சொன்னார். படம் அனுப்புங்கள் என்று நீ கேட்டிருந்தாய். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஜுபைதா வந்தாள். தாயுடைய நீலப் பட்டு. தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். அலமாரியில் ஒரே ஒரு பான் சுருள் இருந்தது அவளுக்குத் தெரியும், அடுக்கி வைத்ததே அவள்தான். அந்தப் பான் ஒண்ணு கீதே மாமி, அத போடலாமா என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா. அது நசரத்பேட்டை பெரிய ஊட்டுக் கல்யாணத்துக்கு வெச்சிருக்கேன், சரக்கு வர்றதில்ல, மூஞ்சி எப்படி கீதோ அப்படித்தானே உழணும் என்றேன். சரி என்றாள். வலக் கன்னம் தெரியறாப்ல திரும்பிக்கட்டா மாமி என்று மெதுவாகக் கேட்டாள். நேரா பாரு என்றேன். தூரம் அளக்க நான் முடிச்சுப் போட்ட கயிறு வைத்திருக்கிறேன் அல்லவா, கேமராவிலிருந்து முகம் வரை பிடிக்க வேண்டும், அந்தக் கயிற்று நுனியை அவளே தன் இடது கன்னத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் அந்தப் பக்கம் நன்றாக விழும்படி ஜன்னல் திரையை முழுக்க விலக்கிவிட்டு எடுத்தேன்.

அந்தச் சுருளை அவளிடம் கொடுக்காமல் நானே கழுவினேன், சிவப்பு விளக்கை ஏற்றிக்கொண்டு. அவள் பக்கத்திலேயே நின்றாள். ஆர்த்தோவில் சிவப்பு பதியாது என்பதால் நெகட்டிவில் அந்த மச்சம் இருந்த இடம் வெறும் கண்ணாடி போலக் கிடந்தது. அச்சுப் போட்டால் அது தார் ஊற்றினது போல விழும். இதற்கு நம்மிடம் மருந்து இருக்கிறது, கூர் சீவின பென்சிலால் நெகட்டிவில் அந்த வெற்றிடத்தை மெல்ல மெல்ல நிரப்பினால் கறுப்பு இறங்கிவிடும். அம்மைத் தழும்பு, வெட்டுக் காயம், மாறுகண் நிழல் என்று எத்தனை பெண்களுக்கு நான் பென்சில் பிடித்து மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், உனக்குத் தெரியும். அன்றைக்குப் பென்சில் என் பெட்டியில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. அப்படியே அச்சுப் போட்டு உறையில் வைத்து உனக்கு அனுப்பினேன். உள்ளதை உள்ளபடி அனுப்பினேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். உள்ளதைவிட வெளுப்பாகக் காட்டுவது பொய்யென்றால் உள்ளதைவிடக் கறுப்பாகக் காட்டுவதும் பொய்தான், முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவளுக்கு அது தெரியாமலா இருக்கும்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். அவளை நீ பினாங்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் இந்த இருட்டறையில் நான் தனியாக என்ன செய்வேன், என் கண்ணும் கையும் அவள்தான். அது ஒரு காரணம். மற்றதை மேலேயே எழுதிவிட்டேன்.

உன் பதில் ஆவணியில் வந்தது. அவள்தான் வாசித்தாள். நான் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. படம் வந்தது அம்மா, கரிச்சட்டியைக் கவிழ்த்து வைத்தது போல அரை முகம், நாலு பேர் வந்து போகிற கடையில் இருக்கிறவன் நான், இதைக் கூட்டி வந்து எந்தப் பக்கமாக உட்கார வைப்பது, எழுத்து அழகாக இருந்தால் ஆயிற்றா என்று நீ எழுதியிருந்ததை ஒரு வார்த்தை விடாமல், விழுங்காமல், சந்தை விலை வாசிப்பது போல வாசித்தாள். மடித்தாள். பதில் இப்பவே எழுதிடலாமா மாமி, நாளைக்குக் கப்பல் தபால் போய்டும் என்றாள். நான் சொன்னேன், அவள் எழுதினாள். நீ சொன்னதே சரி, அந்தப் பேச்சை விட்டுவிட்டேன், முகம் சுத்தமான பெண்ணாகப் பார்க்கிறேன் என்று அவள் கையாலேயே எழுத வைத்தேன். அந்தக் கடிதம் உன்னிடம் இருக்கும், எடுத்துப் பார், ஒரு எழுத்துகூடக் கோணியிருக்காது.

அவள் என்னோடேயே இருந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஹாஜா மொய்தீனுக்கு அவமானம் தாங்கவில்லை. ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கிற ஒருவருக்கு, வயது ஐம்பத்தைந்து இருக்கும், இரண்டு பெண்டாட்டியை மண்ணுக்குக் கொடுத்தவர், அவருக்குப் பேசி முடித்துவிட்டார். நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன், அவசரப்படாதீங்க, நல்ல இடமா வரும் என்று சொன்னேன். பினாங்குப் பையன் வேணாம்னது தெருவுக்கே தெரிஞ்சு போச்சு அக்கா, ஆம்பூர்க்காரர் மூஞ்சியே பாக்க வேணாம், பொண்ணு சமைச்சா போதும்னுட்டாரு, எனக்கு வேற வழி இன்னா கீது சொல்லுங்க என்றார். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கல்யாணம் நின்றிருக்கும். சொன்னால் விஷயம் மஹல்லா முழுக்கப் பரவும், கோஷா வீட்டுப் பெண்கள் என்னை நம்பித்தான் முக்காட்டை எடுக்கிறார்கள், பிறகு என் கேமரா முன்னால் எவள் உட்காருவாள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டேன்.

ரமலானுக்கு முன்னால் நிக்காஹ் ஆயிற்று. ஊரைவிட்டுப் போகிற அன்று காலையில் வந்தாள். வாங்கிப் போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாள், கழுவு தட்டுகளைத் தேய்த்துக் கவிழ்த்தாள். அடியே ஜுபைதா, அந்தப் பிலிம் என்று ஆரம்பித்தேன். தெரியும் மாமி என்றாள். கேமராவுல போடும்போதே டப்பாவப் பாத்தேன், பரவாயில்லன்னு குந்திகினேன், பென்சிலாச்சும் எடுப்பீங்கன்னு பாத்துகினே இருந்தேன் மாமி, ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் எடுப்பீங்களே என்று சொன்னாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. துஆ செய்ங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் துஆ செய்தேன், என்ன கேட்டேன் என்று நினைவில்லை.

அவள் போன பிறகு நடந்ததையும் கேள். தை மாதம் நூம்பலிலிருந்து பூங்காவனம் என்று ஒரு குடியானவப் பெண், தலைச்சன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், ஒன்றரை வயது, மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தது. மடியில் வைத்து எடுத்தேன், பொம்மை போல அசையாமல் என்னையே பார்த்தது. ஒரு வாரத்தில் வைசூரி அந்த ஊரில் புகுந்தது, பிள்ளை போய்விட்டது. பிள்ளையை அடக்கின ஒன்பதாம் நாள் அவள் வந்து வாசலில் நின்றாள், படத்தையாவது கொடு தாயே என்று. நான் அதுவரைக்கும் சுருளைக் கழுவவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சிவப்பு விளக்கை ஏற்றிக் கழுவினேன். ஓரத்திலிருந்து ஓரம் வரை கன்னங்கரேலென்று வந்தது. நான் மாட்டியிருந்தது அந்தப் பான் சுருள், நசரத்பேட்டைக் கல்யாணம் தள்ளிப் போனதால் அலமாரியிலேயே கிடந்த ஒற்றைச் சுருள், டப்பாவில் எழுதியிருந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை. சிவப்பு வெளிச்சம் பட்டதும் பிள்ளை அதிலிருந்து போய்விட்டது. வெளியே வந்து அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. கொயந்த ஆடிட்சு அம்மா, படம் உழல என்று சொன்னேன். ஆடாம தானே குந்திகினு இருந்தான், நான் கையால புட்சிகினு இருந்தேனே என்றாள். இல்லை, ஆடிற்று என்று மறுபடியும் சொன்னேன். செத்த பிள்ளை மேல் பழியைப் போட்டு அனுப்பினேன். அவள் அதை நம்பிக்கொண்டு, படுபாவி ஒரு நிமிசம் சும்மா இருந்தானா என்று பிள்ளையைத் திட்டிக்கொண்டே நூம்பல் பாதையில் அழுதுகொண்டு போனாள், அது இங்கே வரைக்கும் கேட்டது.

போன வாரம் ஹாஜா மொய்தீன் ஆம்பூர் போய் மகளைப் பார்த்து வந்தார். ஆளே பாதியாகத் திரும்பினார். அந்த மனிதருக்கு அவள் முகத்தின் இடது பக்கம் கண்ணில் படக்கூடாதாம், அந்தப் பக்கம் முக்காட்டை இழுத்து ஊசி குத்திக்கொண்டுதான் சோறு பரிமாற வேண்டுமாம். பேனாவும் காகிதமும் வீட்டில் வைக்க விடுவதில்லையாம், எழுத்து தெரிந்த பெண் வீட்டுக்கு ஆகாது என்கிறாராம். இன்னா பண்றது அக்கா, தலையெழுத்து என்று என்னிடமே வந்து சொல்கிறார். நான் அவருக்குத் தேநீர் கொடுத்தேன்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை, உன் மன்னிப்பை வைத்து நான் என்ன செய்வது. அம்மா செய்துவிட்டாள், நான் என்ன செய்வேன் என்று நீ நிம்மதியாகத் தூங்கவும் கூடாது. அந்தப் பிலிமைப் போட்டது நான். கரிச்சட்டி என்று எழுதியது நீ. அந்த எழுத்தைப் பார்த்து அவளைக் கேட்டவனும் நீதான், ஒரு படக் காகிதத்தைப் பார்த்து அவளைக் கைவிட்டவனும் நீதான். எழுத்துக்கு முகம் எதற்கு என்று இப்போது கேட்கிறாய். என் கடிதத்தில் உப்பில்லை என்றால் இதுதான் என் கடிதம், உன்னைப் பெற்றவள் பேசினால் இப்படித்தான் இருக்கும், பழகிக்கொள். பெண்ணுடைய படம் எதையும் இனி உனக்கு நான் அனுப்ப மாட்டேன். கல்யாணம் வேண்டுமானால் கப்பல் ஏறி வந்து உன் கண்ணால் பார்த்துக் கட்டிக்கொள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் குறைவில்லாத ரிஜ்க்கையும் பிழைப்பையும் கொடுப்பானாக, உன் கண்ணை என் கண்ணைப் போல ஆக்காமல் காப்பானாக. தொழுகையை விடாதே, மழையில் நனைந்தால் தலையைத் துவட்டு. ஒன்று மட்டும் மறக்காதே. இதை வாசித்துவிட்டு மனம் கேட்காமல் ஆம்பூருக்குக் கடிதம் எழுதி வைக்காதே. ஆண் கையெழுத்தில் ஒரு கார்டு அந்த வீட்டு வாசலில் விழுந்தாலும் அடி அவள் மேல் விழும். உனக்குப் பாரமாக இருந்தால் பாரத்தோடு இரு, நானும் அப்படித்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
ரோஷன் பேகம்